தயிரியநாதன் எண்ணிய எள்

1930ஆம் ஆண்டு, ஈஸ்டர் முடிந்த மறுவாரம், தயிரியநாதன் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பினார். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மொன்பெலியே நகரில் ஐந்து வருடம் படித்துவிட்டு வந்திருந்தார். அவருடைய அப்பா கோர்ட்டில் எழுத்தர். மகன் டாக்டராகத் திரும்புகிறான் என்று மாதா கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். திரும்பியவர் டாக்டர்தான். ஆனால் ஊசி போடத் தெரியாத டாக்டர். தலைவலி என்று வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "நான் செடியப் படிச்சவன்ங்க" என்று சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. சாகும்வரை அதை அவர் மறக்கவில்லை.

தயிரியநாதன் படித்தது குரோமோசோம்களைப் பற்றி. செடியின் இளம் மொக்கைக் கீறி, உள்ளே மகரந்தத் தூள் உண்டாகும் பையை எடுத்து, சிவப்புச் சாயத்தில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஒவ்வொரு அறைக்குள்ளும் சாயம் குடித்த சின்னஞ்சிறு துண்டுகள் தெரியும். அவைதான் குரோமோசோம்கள். அந்தப் பருவத்தில் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும். ஒரு செடியில் எத்தனை ஜோடி, அதன் உறவுச் செடியில் எத்தனை ஜோடி என்று எண்ணி ஒப்பிட்டால், எது எதிலிருந்து வந்தது, இன்று வயலில் நிற்கும் பயிருக்கு ஆதித் தாய் எது என்று ஊகிக்கலாம். அந்த நாளில் உலகத்திலேயே சில நூறு பேர்தான் இந்த வேலையைச் செய்தார்கள். புதுச்சேரியில் இவர் ஒருவர்தான்.

ஒரு வருடம் வேலை கிடைக்காமல் இருந்தார். பிறகு எண்ணெய் வித்துகளை ஏற்றுமதி செய்துவந்த வெர்னியே கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. ரெட்டியார்பாளையத்தில் அந்தக் கம்பெனிக்கு ஒரு விதைத் தோட்டம் இருந்தது. எண்ணெய் அதிகம் தரும், வறட்சி தாங்கும் எள் ரகம் ஒன்றை உண்டாக்கித் தர வேண்டும் என்பது அவருக்கு இட்ட வேலை. தோட்டத்துக்கு மேலாளர் முதலாளியின் தம்பி மகன்; பிரெஞ்சு மரியாதை வழக்கப்படி எல்லாரும் அவரை முசே வெர்னியே என்பார்கள். கங்காணி கலியமூர்த்தி. எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள்.

தயிரியநாதனின் மனத்தில் ஏற்கெனவே ஒரு செடி இருந்தது. கடலோர மணலில் தரையோடு படர்ந்து கிடக்கும் ஒரு காட்டு எள். ஊதாப் பூ பூக்கும், ஆடு மாடு தொடாது. சின்ன வயதில் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் மிதித்துக்கொண்டு போன செடி. தண்ணீரே இல்லாத மணலில், உப்புக்காற்றில் அது பிழைத்துக்கிடந்தது. அதுதான் நாம் பயிரிடும் எள்ளுக்கு ஆதித் தாயாக இருக்க வேண்டும் என்று மொன்பெலியேவில் இருந்தபோதே நினைத்துக்கொண்டார். அப்படியானால் இரண்டையும் கலந்து, மணலிலும் விளையும் எள்ளைக் கொண்டுவந்துவிடலாம்.

நாட்டு எள்ளில் பதின்மூன்று ஜோடி. அது தெரிந்த விஷயம். 1931 ஆகஸ்டில் கடலோர எள்ளின் மொக்குகளையும், ஒப்பிட்டுப் பார்க்க நாட்டு எள்ளின் மொக்குகளையும் பறித்து, கெடாமலிருக்கத் தனித்தனிச் சாராயக் குப்பிகளில் போட்டு, பென்சிலால் சீட்டு எழுதி உள்ளே இட்டார். அடுத்த வாரம் கடலோர எள் குப்பியைத் திறந்து நசுக்கிப் பார்த்தார். பதின்மூன்று ஜோடி. நாற்பது கண்ணாடித் தகடுகள் தயாரித்துப் பார்த்தார். நாற்பதிலும் பதின்மூன்று. அன்று மத்தியானம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவி பெர்னதெத்திடம், "நான் நெனச்சதேதான்!" என்றார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்த பெர்னதெத், அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுவருடம் பாரிஸ் சஞ்சிகை ஒன்றில் அவருடைய கட்டுரை வந்தது. மொன்பெலியே பேராசிரியர் பாராட்டிக் கடிதம் எழுதினார். பயிர்களின் தோற்றம் பற்றித் தாம் எழுதிவரும் நூலில் இந்த எண்ணைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். முசே வெர்னியே அந்தக் கட்டுரையைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டினார்.

இரண்டு எள்ளையும் கலக்கும் வேலையை அஞ்சலாட்சியிடம் கொடுத்தார்கள். அவள் முதலியார்பேட்டையிலிருந்து நடந்து வருவாள். முப்பது வயது இருக்கும். கலக்கும் வேலை எளிதல்ல. விடியும் முன் பூ மலர்ந்துவிடும் என்பதால், முதல் நாள் சாயங்காலமே மொக்கின் இதழை நகத்தால் உருவி, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை அகற்றிவிட வேண்டும். சூலகத்தின் நுனியில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. மறுநாள் காலையில் மற்ற செடியின் தூளைக் கொண்டுவந்து அந்த நுனியில் தடவ வேண்டும். மற்றப் பெண்கள் ஐம்பது பூ செய்தால் பத்து கெட்டுப்போகும். அஞ்சலாட்சி இருநூறு செய்வாள், இரண்டு கெட்டுப்போகாது.

காய்கள் பிடித்தன. ஆனால் பிளந்து பார்த்தால் உள்ளே எல்லாம் பதர். சுருங்கி, நிறம் வெளுத்து, ஊதினால் பறந்துபோகும் தோல்கள். அடுத்த வருடமும் அதே. ஆயிரம் காயில் முழுசாய் ஒரு விதை கிடைப்பது அபூர்வம். கிடைத்ததும் முளைக்கவில்லை.

"ஐயா, இது நம்ம எள்ளோட பொறப்பு இல்லீங்க," என்றாள் அஞ்சலாட்சி ஒருநாள், தொட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தபடி.

"எப்படிச் சொல்ற?"

"மொக்கத் தொட்டுப் பாருங்க. இது கம்பளி மாரி சொணையா கீது. நம்மளுது அப்பிடி இல்ல. எல, தண்டு எல்லாமே வேறயாத்தான் கீது."

"வெளியில வேறயா இருக்கும். உள்ள ரெண்டும் ஒண்ணுதான். நான் எண்ணிப் பாத்திருக்கேன்."

"நீங்க எண்ணினீங்க, சரிங்க. ஆனா காய் ஒத்துக்கலியே."

அவருக்கு அது எரிச்சலாக இருந்தது. எழுந்து போனார்.

1934 மார்ச்சில் முசே வெர்னியே அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். முதலாளி கணக்கு வழக்கெல்லாம் கேட்கிறார், மூன்று வருடமாக ஒரு பிடி விதைகூடக் காட்ட முடியவில்லை என்றார். பிறகு சுவரில் மாட்டியிருந்த கட்டுரையைக் கையால் காட்டினார்.

"இரண்டும் ஒரே குடும்பம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விதை பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. உங்கள் எண் தவறா, வேலை செய்யும் கை தவறா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்."

தயிரியநாதன் யோசித்த நேரம் மிகக் குறைவு. கை என்று சொன்னார்.

அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார் முசே. மகரந்தம் சேர்க்கும் வேலையாள் அஞ்சலாட்சியின் கவனக்குறைவால் பூக்களின் சூலகம் பழுதுபட்டு விதைகள் பதராயின என்று, அழகான பிரெஞ்சில், ஐந்து வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் எட்டுப் பெண்களையும் வரிசையாக நிற்க வைத்துக் கலியமூர்த்தி அதைத் தமிழில் சொன்னான். அஞ்சலாட்சி அவனைப் பார்க்கவில்லை. அலுவலக வாசலில் நின்ற தயிரியநாதனைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. ஒரு நாளாச்சும் ஒரு பூவ நான் கெடுத்தனா?"

"முசே முடிவு பண்ணிட்டாரு," என்றார் அவர்.

அவள் இடுப்பில் செருகியிருந்த நூல்கண்டையும் கத்தரியையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு முதலியார்பேட்டைப் பஞ்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அவளுடைய இடத்துக்கு வந்த பெண் செய்த பூக்களும் பதராகவே காய்த்தன. அப்போதே தயிரியநாதனுக்குள் ஏதோ அரிக்கத் தொடங்கியது. ஆனாலும் ஒரு வருடம் அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் 1935 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் வீராம்பட்டினம் மணலுக்குப் போய்த் தம் கையாலேயே மொக்குப் பறித்து வந்தார். வீட்டு மாடியில், வெயில் விழும் ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்து நசுக்கிப் பார்த்தார்.

பதினாறு ஜோடி.

இன்னொரு தகடு. பதினாறு. பெர்னதெத் சாப்பிடக் கூப்பிட்டும் கீழே இறங்கவில்லை. வெயில் சாயும்வரை எண்ணினார். ஒரு இடத்தில்கூடப் பதின்மூன்று இல்லை.

மறுநாள் தோட்டத்தில் பழைய குப்பிகள் இருந்த அலமாரியைத் திறந்தார். 'கடலோர எள், ஆகஸ்ட் 1931' என்று அவர் கையெழுத்திலேயே சீட்டு கிடந்த குப்பியைக் கவிழ்த்து, மிச்சமிருந்த மொக்குகளை உள்ளங்கையில் ஏந்தினார். சுணையே இல்லை. நாட்டு எள்ளின் மொக்குகள். அதே தேதியில் 'நாட்டு எள்' என்று சீட்டு இட்டு, தேவைப்படாததால் திறக்காமலே விட்ட இன்னொரு குப்பி பக்கத்தில் இருந்தது. அதற்குள் கம்பளி போர்த்தது போன்ற மொக்குகள். சீட்டுகளை மாற்றிப் போட்டிருந்தார். வேறு யாரும் அந்த அலமாரியைத் தொட்டதில்லை. நாற்பது தகடுகளிலும் அவர் எண்ணியது நாட்டு எள்ளைத்தான்.

சீட்டு எழுதிய அன்று என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தோம் என்று பழைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தார். காய்ச்சலோ, வீட்டில் துக்கமோ, எதுவும் இல்லை. 'வானம் தெளிவு' என்று மட்டும் எழுதியிருந்தது. சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கலாம் என்று பிற்காலத்தில் பெர்னதெத்திடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

குப்பிகளைத் திறந்து பார்த்த அன்று சாயங்காலமே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் பேனாவை மூடினாள்.

"எண்ண மாத்தி எழுதிடலாங்க. பாரிசுக்கு ஒரு கடிதம் போட்டா முடிஞ்சுது. அந்தப் பொம்பளைய எப்படி மாத்தி எழுதுவீங்க?"

"மொதல்ல இது முடியட்டும்."

"எது மொதல்ல, எது அப்புறம்னு உங்களுக்குத்தான் தெரியணும்."

மொன்பெலியேவுக்கு எழுதினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நூல் அச்சில் இருக்கிறது, ஒரு எண்ணுக்காக ஒரு அத்தியாயத்தையே கலைக்க முடியாது, இன்னும் சில பருவம் பார்த்து உறுதி செய்துகொண்டு எழுதலாம் என்று பேராசிரியர் அன்பாகவே எழுதியிருந்தார். முசே வெர்னியேவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் சொன்னது என் காதில் விழவில்லை" என்றார்.

தயிரியநாதன் காத்திருந்தார். இதுதான் அவருடைய வாழ்க்கையில் விளக்கிச் சொல்ல முடியாத காலம். எண் தெரியும். நிரூபணம் கையில் இருந்தது. தினமும் காலையில் சைக்கிளில் ரெட்டியார்பாளையம் போனார், பதர் என்று தெரிந்தே பூக்களைக் கலக்கச் சொன்னார், பதர் என்று ஏட்டில் பதிந்தார். தூக்கம் குறைந்தது. கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்தினார்.

1936 ஜூலைக் கடைசியில் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் செத்துப்போனார்கள். ஊர் அடைத்துக் கிடந்தது. அடுத்த நாள் தயிரியநாதன் ஆஸ்பத்திரிக்கு வெளியே கூட்டத்தில் நின்று, செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விசாரித்தார். அஞ்சலாட்சி அதில் இல்லை. அடிபட்டவர்களிலும் இல்லை. தெரிந்ததும் வீட்டுக்கு நடந்தார். அங்கிருந்து முதலியார்பேட்டை அரை மணி நேரம். போகவில்லை. உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டதே அவளுக்குச் செய்த காரியம்போல அன்று அவருக்குப் பட்டது.

1937 மார்ச்சில் வந்த சஞ்சிகைக் கட்டில், வேறு நாட்டு ஆய்வாளர் ஒருவரின் ஒன்றரைப் பக்கக் குறிப்பு இருந்தது. கடலோர எள்ளில் பதினாறு ஜோடி. 'இதற்கு முன் தயிரியநாதன் தந்த எண் தவறானது' என்று ஒரே வரி. வசவு இல்லை, விளக்கம் இல்லை. ஒன்றரை வருடம் முன்பே அவர் தாமாக எழுதியிருக்க வேண்டிய வரி அது. இனி எழுதினால் யாரும் படிக்கத் தேவையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டைக்குப் போனார். அஞ்சலாட்சியின் வீடு ஆலைக்குப் பின்னால், கூரை வீடு. வேலி ஓரம் அவள் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளோடு நெருங்கினார். அப்போது வேலியடியில் ஒரு செடி கண்ணில் பட்டது.

பாதி நிமிர்ந்து பாதி படர்ந்து நின்றது. இலை நாட்டு எள்ளைவிடத் தடிப்பு, கடலோர எள்ளைவிட நீளம். மொக்குகளில் மெல்லிய சுணை. ஊதாவும் வெள்ளையுமாகப் பூ. ஒரு காய்கூட இல்லை. மூன்று வருடம் தோட்டத்தில் முளைக்காத கலப்புச் செடி அவர் முன்னால் பூத்துக்கொண்டிருந்தது.

"இது எங்கேந்து வந்திச்சு?" என்றார். வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே அதுதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

"உங்க பதர்ல பொறுக்குனது. குப்பையில கொட்டச் சொன்னீங்களே, அதுல அஞ்சு வெத நெறைவா இருந்திச்சு. எங்கையில கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க இல்ல? நெசமாவே கெட்டுதான்னு பாக்கலாம்னு எடுத்தாந்து போட்டேன். ஒண்ணு மொளச்சுது. வெத வைக்கல. கெளைய ஒடிச்சு ஒடிச்சு நட்டு வெச்சிருக்கேன்."

"ஒரு பத்து மொக்கு குடேன். பத்து போதும்."

"இதுக்குத்தான் வந்தீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெந்துபோயிற்று. அந்த மணலிலேயே அவளுக்கு எதிரே குந்தினார். குப்பி மாறியதை, சீட்டை, எண்ணை, எல்லாவற்றையும் சொன்னார். தப்பு தன்னுடையது, அது தெரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அவள் சுள்ளியை ஒடிப்பதை நிறுத்தவில்லை.

"ஒன்ற வருசம்," என்றாள்.

"ஆமா."

"இங்க வந்து எங்கிட்ட சொன்னா இன்னா ஆவும்? எனக்குத்தான் தெரியுமே, நான் கெடுக்கலன்னு. தெரியாதது அவங்களுக்குத்தான். அன்னிக்கு என்கூட ஏழு பொம்பளைங்க நின்னாளுங்க. கலியமூர்த்தி நின்னான். எங்க நாத்தனாரே அதுல ஒருத்தி. மூணு வருசமா, வேலையில தூங்குனவளாம்னு ஜாடையா பேசறா. அவங்க நின்ன எடத்துல போய்ச் சொல்லுங்க. அப்புறம் மொக்கப் பத்திப் பேசலாம்."

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, வேலைக்கு வந்த பெண்களைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினார் தயிரியநாதன். கலியமூர்த்தி ஓடி வந்தான்.

"ஐயா, வேல நேரம். தொர மேல இருக்காரு."

"நீயும் கேளு கலியமூர்த்தி. அஞ்சலாட்சி ஒரு பூவையும் கெடுக்கல. நாந்தான் எண்ணும்போது தப்பு பண்ணேன். குப்பிய மாத்திப் போட்டது நான். அந்த ரெண்டு செடியும் கலந்தா வெத நிக்காது, யார் கை பட்டாலும் நிக்காது. நான் எழுதிக் குடுத்தது பொய்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் அஞ்சலாட்சி நின்றிருந்தாள். அவர் முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்ததால், ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் முடித்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பி நடந்தாள்.

மேலே வராந்தாவில் நின்றிருந்த முசே வெர்னியே என்ன பேச்சு என்று கேட்டார். தயிரியநாதன் மேலே போய் அதையே பிரெஞ்சில் சொன்னார். அந்தப் பழைய அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோயிருந்த தாளையும் நீட்டினார். முசே அதை வாங்கவில்லை. அறிக்கை எப்போதோ பிரான்சுக்கு, மார்செய் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது, அங்கே எந்தக் கட்டில் இருக்கிறதோ என்றார். தோட்டத்தையே மூடும் எண்ணம் இருக்கிறது, அந்த மாதத்தோடு நீங்கள் வர வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

தயிரியநாதனின் அப்பா அதற்குமேல் அதிக நாள் இருக்கவில்லை. மகனுக்கு வேலை போனது ஏன் என்று தெரிந்துகொள்ளாமலே இறந்துபோனார். பெர்னதெத்தின் சம்பளத்தில் பத்து மாதம் குடும்பம் ஓடியது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் தயிரியநாதனுக்கு இயற்கைப் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது.

முதலியார்பேட்டைக்கு அவர் போய்வந்தார். அஞ்சலாட்சி மொக்கு கொடுத்தாள். உள்ளே வாங்க என்று ஒருநாளும் சொல்லவில்லை. பெர்னதெத் ஒருமுறை கூடவே போய், அஞ்சலாட்சியின் பிள்ளைகளுக்கு என்று ஒரு துணிப்பொட்டலம் கொடுத்தபோது, "வேணாங்கம்மா, இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மாடி ஜன்னலோரம் அந்த மொக்குகளை நசுக்கிப் பார்த்தார். ஒரு ஜோடிக்கு ஒன்றாக, தாயான நாட்டு எள்ளிடமிருந்து பதின்மூன்று, தகப்பனான கடலோர எள்ளிடமிருந்து பதினாறு, மொத்தம் இருபத்தொன்பது குரோமோசோம்கள். ஒன்றிரண்டு மட்டும் தயங்கித் தயங்கிச் சேர்ந்திருந்தன. மற்றவை எல்லாம் துணை கிடைக்காமல், அறை முழுக்கச் சிதறி, ஆளுக்கொரு மூலையில் நின்றன. ஒரு காலத்தில் ஒன்றாயிருந்த இரண்டு செடிகள், ஒன்றையொன்று அடையாளம் தெரியாத தூரத்துக்கு விலகிப் போயிருந்தன. அவர் பார்த்த தகடுகளிலேயே தெளிவானவை இவைதான். ஆனால் பார்த்து முடித்ததும் யாரிடமும் ஓடிப் போய்ச் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு பக்கக் கட்டுரை எழுதினார். தம் முந்தைய எண் தவறு, அது எப்படி நேர்ந்தது என்று முதல் பத்தியிலேயே சொன்னார். இந்தக் கலப்புச் செடியை உண்டாக்கியதும் காப்பாற்றியதும் அஞ்சலாட்சி என்று பெயரோடு எழுதினார். 1939 தொடக்கத்தில் அது அச்சாகி வந்தது. முதல் பத்தி இருந்தது. பெயர் இருந்த இடத்தில் 'உள்ளூர் வேலையாள் ஒருவர்' என்று சஞ்சிகைக்காரர்கள் மாற்றியிருந்தார்கள். அவர் எழுதிக் கேட்டதற்கு, அது வழக்கமில்லை என்று பதில் வந்தது.

சஞ்சிகையை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். பெயரை எடுத்துவிட்டார்கள் என்பதை முதலில் சொன்னார். மறைக்கக் கூடாது என்று இந்த முறை முடிவு செய்திருந்தார்.

"அவங்களுக்கு எம்பேரு தெரிஞ்சு இன்னா, தெரியாம இன்னா," என்றாள் அஞ்சலாட்சி. ஆனால் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினாள். அதில் அச்சாகியிருந்த படத்தைப் பார்த்தாள். வட்டத்துக்குள் சிதறிக் கிடந்த கறுப்புத் துண்டுகள்.

"இது இன்னா?"

"அந்தச் செடியோட மொக்குக்குள்ள இருக்கறது. இது அம்மாகிட்டேந்து வந்தது, இது அப்பாகிட்டேந்து. ஒண்ணோட ஒண்ணு சேர முடியல. அதனாலதான் வெத நிக்கல."

"அதத்தானே அன்னிக்கே சொன்னேன்."

"ஆமா. சொன்ன."

ஆலையில் சங்கு ஊதியது. அவள் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துக் கூரையில் செருகிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். வேலியைத் தாண்டும்போது, "மழைக்கு முன்னாடி ரெண்டு கெளைய ஒடிச்சு உங்க வூட்லயும் நட்டு வெச்சிக்கோங்க. இங்க தண்ணி நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.